அக்காவின் மூன்று கோழிகள்

அந்த வீட்டுக் கோழிகள் ஐந்தும் மனைவியின் கோழிகள். கணவருக்கும் அவற்றுக்கும் பெரிய பழக்கம் கிடையாது. இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். விடிவதற்குள் கிளம்பிவிடுவார், இருட்டிய பிறகு வருவார். தட்டில் முட்டை விழும்போதுதான் வீட்டில் கோழி இருப்பதே ஞாபகம் வரும். தெருவில் அவருக்குப் பஸ்காரர் என்று பெயர். இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் வண்டிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தன் வீடு பகலில் எப்படி இருக்கும் என்று அவர் பார்த்தார்.

பார்த்த அளவில் பிடிக்கவில்லை. மனைவி எட்டரை மணிக்கு மருந்துக்கடைக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் நகர்வது கடிகார முள் மட்டும்தான். ஒன்பது ஐந்து ஆகும்போது, இப்போது தன் வண்டி சந்தை நிறுத்தத்தில் நிற்கும் என்று நினைப்பார். தன் இருக்கையில் வேறொருவன் உட்கார்ந்து இரண்டாவது கியரைக் கரகரவென்று அரைத்துக்கொண்டிருப்பான். நினைத்ததும் உட்கார முடியாது. கைத்தடியை எடுத்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து பின்கதவுக்கு, அங்கிருந்து திரும்பக் கூடத்துக்கு நடப்பார். செய்தித்தாளில் ஏல அறிவிப்பு வரைக்கும் படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதல் பக்கத்துக்கு வருவார். மின்விசிறியை நிறுத்துவார், போடுவார். பின்கதவைத் திறந்தால் கோழிகள் நிமிர்ந்து பார்க்கும். "என்ன, உங்களுக்கும் வேலை இல்லையா" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார்.

இரண்டாவது வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவரைவிட ஐந்து வயது மூத்தவள். கணவர் போன பிறகு ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். அந்த வீட்டை விற்கிறார்கள், மகள் தன்னோடு வந்து இருக்கும்படி பிடிவாதம் பிடிக்கிறாள், போகத்தான் வேண்டும் என்றாள். மகள் வீடு ஆறாவது மாடி.

"கட்டில் பீரோ எல்லாத்துக்கும் ஆள் பாத்தாச்சு. கோழிதான்டா நிக்குது. மூணே மூணு. உன் பொண்டாட்டி நல்லாப் பாத்துக்குவா."

"கொண்டா அக்கா. அஞ்சோட எட்டு. இதுல என்ன இருக்கு?"

அக்கா மறுநாளே ஒரு பழக்கூடையில் மூன்றையும் போட்டு, மேலே துணி கட்டி, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள். சாம்பல் நிறத்தில் ஒன்று. கழுத்தில் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று, அதற்குப் பொட்டு என்று பெயர். மூன்றாவது சாதாரணச் சிவப்புக் கோழி, அதற்குப் பெயர் வைக்க நேரமில்லை என்றாள். தண்ணீர் குடித்தாள். ஆட்டோ காத்திருக்கிறது என்று எழுந்துவிட்டாள். கூடையை அவள் திறக்கவில்லை. மேல்துணியின் மேல் ஒரு முறை கையை வைத்து எடுத்தாள், அவ்வளவுதான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு, ஒரு வேளை உண்டு. அன்று மாலை வந்ததும் கோழிக்கூட்டின் முன்வெளியைக் கம்பி வலையால் இரண்டாகத் தடுத்தாள். நடுவில் ஒரு சின்னக் கதவு, அதற்கு ஒரு கொக்கி.

"மூணு வாரம் இப்படியே இருக்கட்டும். ஒண்ணை ஒண்ணு பாக்கட்டும், சத்தம் கேக்கட்டும். அதுங்களுக்கு நோய் ஏதாவது இருந்தாலும் அதுக்குள்ள தெரிஞ்சிடும். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மங்கின பிறகு சேத்து அடைச்சிடலாம். அதுவரைக்கும் இந்தக் கொக்கில யாரும் கை வைக்கக் கூடாது."

"யாரும்னா? இங்க பகல்ல இருக்கறது நான் ஒருத்தன்."

"அதனாலதான் சொல்றேன்."

அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்கதவுக்கு வெளியே போட்டு, கவிழ்த்த வாளியின் மேல் காலை நீட்டி, வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய ஐந்தில் ஒரு கறுப்புக் கோழி இருந்தது. மற்ற நாலும் தின்னும்போது அது நின்று மேற்பார்வை பார்க்கும். யாராவது வரிசை தப்பினால் ஒரு கொத்து. மனைவி அதை சூப்பர்வைசர் என்று கூப்பிடுவாள். பணிமனையில் தன்னிடம் காலை நேரத்தில் கையெழுத்து வாங்கும் ஆளை நினைத்துக்கொண்டு அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். முதல் நாள் சூப்பர்வைசர் வலையை ஒட்டி மேலும் கீழும் நடந்தது. நின்றது. இறகைச் சிலிர்த்தது. மறுபடியும் நடந்தது. அந்தப் பக்கம் மூன்றும் மூலையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன.

மாலை ஆறு மணிக்கு அக்கா போன் செய்து கோழிகளை விசாரித்தாள். "எப்படி இருக்குங்க?"

"நல்லா இருக்குங்க அக்கா. தின்னுதுங்க. நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன, ராஜ வாழ்க்கை. ஆறாவது மாடி, நல்ல காத்து."

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இதே கேள்வி, இதே பதில். நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் வலைப் பக்கம் போகவே இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம், எட்டு நிமிஷம், பதினோரு நிமிஷம். வலைக்கு இந்தப் பக்கம் வெள்ளைக் கோழியும் அந்தப் பக்கம் பொட்டும் ஏறத்தாழ தோளோடு தோள் உரசித் தானியம் பொறுக்கின. இதற்கு மேல் என்ன வேண்டும்? மூன்று வாரம் என்பது யாரோ மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கு. கால அட்டவணையும் அப்படித்தான் வரும், சாலையையே பார்க்காதவர்கள் போட்டதாக. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும் எங்கே இழுக்கலாம், எங்கே பிடிக்கலாம் என்று. சாயங்காலம் மனைவி வரும்போது எட்டும் ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்தார். எழுந்தார். கொக்கியை எடுத்துவிட்டார்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. சிவப்புக் கோழி கதவு வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. பொட்டு அதைத் தாண்டி உள்ளே நுழைந்து தானியத்தில் வாயை வைத்தது.

சூப்பர்வைசர் ஓடி வரவில்லை, பறந்து வந்தது. பொட்டின் முதுகில் ஏறி, பின்னந்தலையைக் கவ்விக்கொண்டு ஆட்டியது. மற்ற நாலும் இதற்கென்றே காத்திருந்ததுபோல் சூழ்ந்துகொண்டன. இறகு பறந்தது. பொட்டு கத்திய கத்தலைக் கேட்டு அவர் தடியை வீசினார். தடி வலையில் பட்டு அவர் பக்கமே திரும்பி விழுந்தது. ஒற்றைக் காலில் குனிந்து உள்ளே நுழைந்தார். முட்டி சுரீர் என்றது. காலால் தள்ளி, கையால் விலக்கி, பொட்டைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பின்னந்தலையில் தோல் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. அவர் திறந்துவிட்டு வந்த வெளிக்கதவு வழியாக சாம்பல் கோழி ஓடி, தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, சுவரில் ஏறி, அவரை ஒரு தரம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் குதித்தது.

பொட்டைக் குளியலறையில் ஒரு துண்டின் மேல் விட்டுவிட்டு, ரத்தம் பட்ட சட்டையோடு அவர் பின்சந்துக்குப் போனார். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பார்த்தார். நின்றிருந்த கார்களுக்கு அடியில் குனிய முடியாமல் குனிந்து பார்த்தார். "பா, பா, பா" என்று கூப்பிட்டார். சந்தில் பழைய கதவு ஜன்னல் விற்கும் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் ரம்பத்தை நிறுத்திவிட்டு, "யாரைக் கூப்பிடறீங்க பஸ்காரரே?" என்றார்.

"ஒரு சாம்பல் கோழி. பாத்தீங்களா?"

"இங்க எங்க வரப்போவுது. இங்க பூரா தூசி."

மூன்று மணி வரைக்கும் நடந்தார். முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. ஐந்தரைக்கு மனைவி வந்தாள். குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். வெளியே வந்து அவர் சட்டையைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் அலமாரியிலிருந்து ஊதா மருந்தை எடுத்தாள்.

"பிடிங்க. இறுக்காதீங்க, பிடிங்க."

பஞ்சில் தோய்த்துப் புண்ணில் வைத்தாள். பொட்டின் தலை ஊதாவாக மாறியது. "சிகப்பு தெரிஞ்சா அதுங்க மறுபடி அதே எடத்துல கொத்தும்" என்றாள். பிறகு வெளியே போய், சூப்பர்வைசரை இரண்டு கையாலும் தூக்கிவந்து, அக்கா கொண்டுவந்த அதே பழக்கூடையில் போட்டு மூடி, முன்பக்க வராந்தாவில் வைத்தாள்.

"கொஞ்ச நாள் இது இங்க இருக்கட்டும். அது இல்லாம மத்ததுங்க அடங்கும். திரும்பிப் போகும்போது இதுவும் புது ஆள் மாதிரிதான் போகணும்."

"தப்பு பண்ணது நான். தண்டனை அதுக்கா?"

"உங்களைக் கூடையில அடைக்க முடியாதே."

ஆறு மணிக்குப் போன் அடித்தது. மனைவி போனைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"எப்படி இருக்குங்க?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்குங்க" என்றார் அவர். "மூணும் நல்லா இருக்கு. நீ?"

"எனக்கென்ன? இன்னைக்கு எல்லாரும் வெளியில போய்ட்டு வந்தோம்."

போனை வைத்த பிறகு மனைவி, "இதை எத்தனை நாளைக்கு ஓட்டப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து நாள் ஓட்டினார். பகலில் சந்து சந்தாகத் தேடினார். டாக்டர் சொன்ன உடற்பயிற்சி கால்வாசி, சொல்லாத நடை முக்கால்வாசி. ஆறு மணி நெருங்க நெருங்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் அக்கா, "போனைக் கூட்டுப் பக்கம் பிடி, சத்தம் கேக்கணும்" என்றாள். பிடித்தார். அந்தச் சமயம் பார்த்து ஒரு கோழியும் வாயைத் திறக்கவில்லை. "தூங்கப் போய்டுச்சுங்க போல" என்றார். "ஆமா ஆமா, நேரமாச்சுல்ல" என்றாள் அக்கா. அவள் குரலில் ஏதோ ஒட்டாமல் இருந்தது. தன் பொய்யின் பயத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

கோழிகள் வந்து அது ஒன்பதாம் நாள். அன்று காலை பத்து மணிக்கு வாசலில் மணி அடித்தது. திறந்தால் அக்கா. தோளில் ஒரு பை. மூன்று பேருந்து மாறி வந்திருக்கிறாள்.

"சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு."

வராந்தாவில் கூடைக்குள்ளிருந்து சூப்பர்வைசர் அவளை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. அவள் நிற்காமல் நேரே பின்கதவுக்கு நடந்தாள். அவர் தடியை ஊன்றிக்கொண்டு பின்னால் ஓடினார். வலைக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கோழி. அதன் பக்கத்தில் ஊதாத் தலையோடு பொட்டு. அக்கா குனிந்து கூட்டுக்குள்ளும் பார்த்தாள்.

"மூணு குடுத்தேன்" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கொக்கி, பதினோரு நிமிஷம், தடி, சுவர், ஐந்து நாள் பொய். நின்றுகொண்டே சொன்னார், உட்காரத் தோன்றவில்லை. சொல்லி முடித்தபோது அக்கா திட்டவில்லை. செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"தானியம் போட ஒரு தகர டப்பா குடு."

டப்பாவில் ஒரு பிடி தானியத்தைப் போட்டு, பின்சந்துக்குள் போனாள். அவர் கூடவே போனார். அவள் கோழியைக் கூப்பிடவில்லை. டப்பாவைக் குலுக்கினாள். மூன்று குலுக்கல், ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று. குப்பைத் தொட்டியைத் தாண்டினாள், கார்களைத் தாண்டினாள். கதவுக்கடைக்கு முன்னால் குலுக்கியபோது உள்ளேயிருந்து மெல்ல ஒரு கேறல் கேட்டது. சுவரில் சாய்த்து வைத்திருந்த ஏழெட்டுப் பழைய கதவுகளுக்குப் பின்னாலிருந்து, தலையில் மரத்தூளோடு சாம்பல் கோழி வெளியே வந்தது. யாரையும் பார்க்காமல் அக்காவின் காலடியில் நின்று டப்பாவை அண்ணாந்து பார்த்தது.

கதவுக்கடைக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"இதுவா?" என்றார். "இது சாம்பல்னு எனக்குத் தோணல. பழுப்புன்னு நெனச்சேன்."

"எத்தனை முட்டை?" என்று அக்கா கேட்டாள்.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நாலு இருக்கும். ஒண்ணு உடைஞ்சது."

"உடைஞ்சதா, உடைச்சதா?"

"அம்மா, நாலுமே உடைச்சுத்தானே தின்ன முடியும்" என்றார் அவர். பஸ்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதில் அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து, வலைக்கு அந்தப் பக்கம் அதை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.

"கிடைச்சிடுச்சே அக்கா" என்றார் அவர்.

"நீ சொன்னது பொய்னா நான் சொன்னதும் பொய்தான்டா. வெளியிலயும் போகல, ஒண்ணும் போகல. காலையில ரெண்டு பேரும் வேலைக்குப் போய்டுவாங்க. நானும் சம்பந்தியம்மாவும்தான். அவங்க நல்லவங்கதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஒரு டம்ளர் எடுத்தா, அது அங்க வைக்கற டம்ளர் இல்லேன்னு எடுத்து வேற எடத்துல வைப்பாங்க. நான் உக்காந்த நாற்காலியில நான் எழுந்ததும் குஷனைத் தட்டிப் போடுவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எழுந்து உக்காருவேன் நான்? பால்கனியில போய் நின்னுக்கறேன். ஆறு மணிக்கு உனக்குப் போன் பண்ற வரைக்கும் நிக்கறேன்."

அவர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார். முட்டி வலித்தது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்த நடை அவருக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவருக்கு ஆறு வாரம், அதற்குப் பிறகு வண்டி இருக்கிறது.

மாலை மனைவி வந்தாள். வாசலில் அண்ணியின் செருப்பைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கேட்டுவிட்டு, "அண்ணி, இதுங்க சேர்ற வரைக்கும் இங்கயே இருங்க. எனக்குக் கடை இருக்கு, இவரை நம்பி விட முடியாது" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "கோழிக்கே மூணு வாரம் ஆகுது, உங்களுக்கும் ஒரு..." என்று ஆரம்பித்தாள்.

"என்னையும் கோழியையும் ஒண்ணாச் சேக்காத" என்றாள் அக்கா. "கோழிக்கு மனசுல ஒண்ணும் தங்காது. எனக்கு எல்லாம் தங்கும்."

அன்று இரவே அக்கா மகளுக்குப் போன் செய்து, தம்பிக்குக் கால் சரியில்லை, இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அது முழுப் பொய் இல்லை.

இரண்டு வாரமும் வேலை நடந்தது. தீவனத் தட்டு ஒன்றுக்கு மூன்றாக வைத்தார்கள், ஒரு தட்டை ஒரு கோழி மறித்தால் இன்னொன்றுக்கு ஓட இடம் வேண்டும் என்று. பொட்டின் புண் காய்ந்தது. முதலில் சூப்பர்வைசர் இல்லாமல், அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, தினம் அரை மணி கதவைத் திறந்தார்கள். கோழிகள் கொத்தின, ஓடின, நின்றன. அவர் ஒவ்வொரு கொத்துக்கும் எழுந்தார். "உக்காரு. ரத்தம் வந்தா எழுந்துக்கலாம்" என்பாள் அக்கா. உட்காருவார். அடுத்த கொத்துக்கு மறுபடி எழுவார். பத்தாவது நாள் சூப்பர்வைசரைக் கூடையிலிருந்து எடுத்து, மங்கின வேளையில், மற்றவை கழியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஓரத்தில் விட்டார்கள். காலையில் அது இறங்கி வந்தபோது வெள்ளைக் கோழி அதை ஒரு கொத்து கொத்தியது. சூப்பர்வைசர் திடுக்கிட்டு ஒதுங்கி நின்றது. அவருக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை. கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. நாலே நாளில் அது மறுபடி மேலே வந்துவிட்டது. ஆனால் புது மூன்றும் அதற்குள் எங்கே ஓடுவது, எப்போது தலையைத் தாழ்த்துவது என்று படித்துக்கொண்டிருந்தன.

அந்த வாரம் அவர் காலைக் காட்டிவிட்டு வந்தார். ஒன்றாம் தேதியிலிருந்து வண்டி எடுக்கலாம், ஆனால் முதல் மாதம் பாதி நேரம்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பாதி நேரம் என்றால் மதியத்துக்கு மேல் மறுபடி வீடு. அவர் முகம் தொங்கிப்போனது.

அக்கா கிளம்பிய நாள் அவர் பேருந்து நிறுத்தம் வரைக்கும் போனார். போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஏதாவது ஒரு அறை ஒழித்துத் தருகிறோம் என்றார்.

"எத்தனை நாளைக்கு? என் பொண்ணு வீடு அது. நான் பால்கனியில நின்னா அவளுக்குத்தான் கஷ்டம்" என்றாள் அக்கா. "போய் நேராச் சொல்லப் போறேன். எனக்குன்னு ஒரு நாற்காலி வேணும், ஒரு டம்ளர் வேணும், அதை யாரும் தொடக் கூடாது. சம்பந்தியம்மாகிட்டயே சொல்றேன், பொண்ணு மூலமா இல்ல. சண்டை வந்தா வரட்டும். வராம எப்படி?"

"ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துக்கலேன்னா மூணு பஸ் மாறி வரேன். வழி தெரியும் இப்ப."

பேருந்து வந்தது. ஓட்டுநர் அவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவரும் தூக்கினார். அக்கா ஏறி, முன்பக்கம் ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. அது திருப்பத்தில் மறையும் வரைக்கும் நின்றார். பிறகும் நின்றார், ஓட்டுகிறவன் திருப்பத்தில் கியர் மாற்றும் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்பதற்காக.